ரங்கசாமி பாடிய ஜாஸ்: அல் ஐனுக்கு ஓர் அவசரப் பயணம்

ஜூலை மாதத்தில் புத்தியுள்ளவர் யாராவது துபாயிலிருந்து அல் ஐனுக்கு பஸ்ஸில் போவார்களா? நான் போனேன். எல்லாம் என் மாமியாருக்காக.

அவருடைய அம்மா ராஜம்மாள் பொள்ளாச்சிக்காரர். கான்வென்டில் இங்கிலீஷ் பாட்டு கற்று, ஐம்பதுகளில் சென்னை ஹோட்டல்களில் கோவாக்காரர்களின் பேண்டோடு ஜாஸ் பாடியவர். மேடையில் பெயர் டெய்சி ராஜ். ஒரு இசைத்தட்டுகூட வரவில்லை. ரங்கசாமி என்ற குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு பஹ்ரைன் வந்தார். அங்கே வியாழன்தோறும் கம்பெனி கிளப்பில் பாடினார். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது என் மாமியாருக்கு எட்டு வயது. கிளப்பில் பிள்ளைகளை விட மாட்டார்கள். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று ராஜம்மாள் வீட்டில் பாடியதும் இல்லை. ஆக, அம்மா பாடி ஒரு வரிகூட என் மாமியார் கேட்டதில்லை. எழுபது வயதில் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆசை அதுதான்.

போன மாதம் ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர் கேட்டிருந்தார்: பஹ்ரைன் ஈசா டவுனில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பழைய டேப் கிடைத்தது, பெட்டியில் ‘ரங்கசாமி, வியாழன்’ என்று தமிழில் எழுதியிருக்கிறது, ஆனால் பாடுவது பெண் குரல், யார் இந்த ரங்கசாமி? என் கணவர் துள்ளிக் குதித்தார். நம் ஊர்ப் பெண்களின் பெயரை இப்படித்தானே புருஷன் பெயர் விழுங்கிவிடுகிறது!

பாட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிக் கோவைக்கு அனுப்பினோம். மாமியார் இரண்டு முறை கேட்டுவிட்டுச் சொன்னார்: “இது எங்கம்மா இல்ல கண்ணு. யாரோ வெள்ளைக்காரி பாடறா.”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இப்போது அல் ஐனில் வேலை பார்க்கும் டேப்காரர் விசா கேன்சல் ஆகிச் செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்புகிறாராம். முப்பது கிலோ லக்கேஜில் இதற்கு இடமில்லை, குப்பைக்குத்தான் போகும் என்றார். கணவருக்குச் சனிக்கிழமை டியூட்டி. எனக்கு லீவு. அவருடைய அம்மாவின் அம்மாவுக்காக அலைவது மருமகள்!

காலை 7.40க்கு துபாய் குபைபா பஸ் நிலையத்தில் பஸ். சுமார் 150 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், முப்பது திர்ஹம். பஸ்ஸுக்குள் மார்கழிக் குளிர், இறங்கினால் நாற்பத்தாறு டிகிரி. சனாயா என்கிற ஒர்க்‌ஷாப் பகுதிக்கு டாக்சியில் பத்தொன்பது திர்ஹம். பட்டாணியரான டிரைவர் ஒரே மாதிரி இருந்த ஷட்டர்களைக் காட்டி, “காலி நம்பர் சே மில்தா நஹி, பஹன்” என்று, வெறும் கடை நம்பரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதென்று கைவிரித்துவிட்டுப் போனார்.

வெயிலில் முக்கால் மணி நேரம் கடை கடையாக ‘கோவிந்தசாமி’யைக் கேட்டேன். போனில் டேப்காரர் பெயர் அப்படித்தான் வந்தது; கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஏசி ரிப்பேர் கடை ஒன்றிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“கோவிந்தசாமி எங்கப்பாக்கா. செத்துப் பத்து வருசம் ஆச்சு. பாஸ்போர்ட்ல அவர் பேரு சேந்து வந்துருச்சு. நான் சேகரு.”

ரங்கசாமி விஷயத்தில் அங்கலாய்த்த எனக்கு இது வேண்டும்.

சேகர் தஞ்சாவூர்ப் பக்கம். ஏசி மெக்கானிக், பழைய டேப் ரெக்கார்டர்களைச் சரிசெய்வது பொழுதுபோக்கு. மோர் கொடுத்துவிட்டு மெஷினை ஓடவிட்டார். பாட்டு அதேதான். அழகான, கொஞ்சம் கரகரத்த குரல். உச்சரிப்பில் பொள்ளாச்சியின் வாடைகூட இல்லை. மாமியார் சொன்னது சரிதான் போல என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பாட்டு முடிந்தது, கைதட்டல் ஓய்ந்தது. நான் பையைத் தூக்கினேன். டேப் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, போலாமுங்களா? பாப்பா முழிச்சுட்டு இருப்பா.”

அதே குரல். இதை ஏன் அனுப்பவில்லை என்று கத்திவிட்டேன்.

“பாட்டு முடிஞ்சிருச்சுல்லக்கா? வேஸ்ட்டுன்னு கட் பண்ணிட்டேன்,” என்றார் சேகர், பாவம்போல.

இங்கே வாட்ஸ்அப் கால் மாஃபி, அதாவது கிடையாது. மாமியார் போனில் வேறு ஆப்பை இறக்கவைக்க இருபது நிமிடம், என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. பிறகு போனை ஸ்பீக்கரருகே பிடித்து மறுபடி ஓடவிட்டோம். கடைசி வரியும் ஓடி முடிந்தது.

“முழிச்சுட்டுத்தான் கண்ணு இருப்பேன்,” என்றார் மாமியார். “கதவு தெறக்கற சத்தம் கேட்டாத்தான் கண்ண மூடுவேன்.”

போக நினைப்பவர்களுக்கு: ஜூலையில் போகாதீர்கள். கடை எண்ணை நம்பாதீர்கள், லொக்கேஷன் வாங்குங்கள். யாரைத் தேடுகிறீர்களோ அவர் பெயரைக் கேளுங்கள், அவருடைய அப்பா பெயரையல்ல. டேப்பைப் பதிவு செய்தால் கடைசிவரை பதிவு செய்யுங்கள்.

டேப்பை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். சேகர் முழுதாகப் பதிவு செய்து கொடுத்ததை அன்று சாயங்காலமே கோவைக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மாமியாரிடமிருந்து பதில் வந்தது. பாட்டு நீளமாக இருக்கிறதாம். அதை வெட்டிவிட்டு, கடைசி வரியை மட்டும் அனுப்பச் சொல்கிறார்.