ஹன்னாவின் ஓடைக்கரை

"அந்த ஹன்னாவை மேப்லேருந்து எடுத்துடுங்க ரேவதி. கிளையன்ட் கத்தறார்."

டெக்ஸஸில் பிளானோ என்ற ஊரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் முதலாளி சேகர் சார் இதை ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்வது போலத்தான் சொன்னார். ஹன்னா இறந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அவளுடைய நிலம் வர்ஜீனியாவில் ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. நான் வரைந்த வரைபடத்தில் அவள் பெயர் இருக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. இது 2006-ல் நடந்தது. இன்று நினைத்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. நில உரிமையைத் தேடிக் கொடுக்கும் இந்த டைட்டில் வேலைக்கு நம் ஆட்கள் புதிதாக வந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். ஆத்திரத்தில் எழுதுவதால் ஏதாவது கூடிக் குறைந்திருக்குமோ என்று இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். கூடவில்லை.

1. டெல்மர் ஃபைல்

கல்யாணத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் இருந்தேன். கடன் கேட்டு வருகிறவர்களின் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரிபார்ப்பது என் வேலை. டெக்ஸஸ் வந்து, வேலை பார்க்கலாம் என்று ஈ.ஏ.டி. கார்டு கிடைத்ததும் சேகர் சார் அலுவலகத்தில் சேர்ந்தேன். வீடு விற்கும்போது அந்த இடம் யார் யார் கை மாறி வந்தது என்று தேடிக் கொடுப்பதுதான் அங்கே தொழில். என் மகள் நிலாவுக்கு அப்போது இரண்டு வயது. பக்கத்து ஊரான ஆலனில் ஒரு டேகேரில், குழந்தைக் காப்பகத்தில், விட்டிருந்தோம். அலுவலகப் போன் அடித்தாலே டேகேராகத்தான் இருக்கும், குழந்தைக்குக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று ஓடிப் போய் எடுப்பேன்.

டல்லஸ்காரரான மிஸ்டர் டெல்மர் இரண்டு வேலைகளைக் கொடுத்தார். அவருடைய மூதாதை ஏம்ப்ரோஸ் டெல்மர், அமெரிக்கா பிரிட்டிஷ்காரர்களின் கீழ் இருந்த காலத்தில் வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்தவர். அவருடைய வம்சத்தைக் குடும்ப விழா மலருக்காகத் தொகுக்க வேண்டும். அவருடைய நிலங்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும். நிலத்தில் ஒரு பகுதி இன்னும் டெல்மர் குடும்பத்தின் கையில்தான் இருந்தது. அதை வாங்க ஒரு பில்டர் வந்திருந்தார்.

2. பக்கத்து நிலத்துக்காரர்கள்

அந்தக் காலத்து வர்ஜீனியா பத்திரத்தில் சர்வே எண் கிடையாது. "ஓடையோரத்து வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னார் எல்லை வழியாக, ஹிக்கரி மரம் வரை" என்றுதான் இருக்கும். மரம் செத்துவிடும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் கூடி எல்லையை நடந்து பார்த்து, மரங்களில் கோடாரிக் குறியைப் புதுப்பிப்பார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு ஈரோடுதான் ஞாபகம் வந்தது. நம் பத்திரங்களில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு. கிழக்கே யார் நிலம், மேற்கே யார் நிலம் என்று நான்கு பக்கமும் சொல்வது. ஒருவர் தன் பத்திரத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பக்கத்து நிலத்துக்காரர் தன் எல்லையைச் சொல்லும்போது இவரைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. வங்கியில் சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்து நிலத்துப் பத்திரத்தைத்தான் கேட்போம். இங்கேயும் அதையே செய்தேன். டெல்மரின் பத்திரங்களை ஓரமாக வைத்துவிட்டு, சுற்றியிருந்த நிலங்களின் பத்திர நகல்களை, அவை பதிவாகியிருக்கும் கவுன்டி கோர்ட்டிலிருந்து வரவழைத்தேன்.

பக்கத்து மேசை நசீமா அக்கா, கீழக்கரைக்காரர், சிரித்தார். "ஒரு ஆளைத் தேடச் சொன்னா அக்கம்பக்கத்து வீட்டையெல்லாம் துப்பறியுறியே. நீ மாமியார் ஆனா அந்தத் தெருவே காலி பண்ணிட்டு ஓடும்டி."

ஏம்ப்ரோஸ் டெல்மர் அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்த பிறகு இறந்தார். தன் அடிமையான ஹன்னாவையும் அவள் பிள்ளைகளையும் விடுதலை செய்து, ஓடைக்கரை நிலத்தை அவளுக்கு எழுதிவைத்தார். இது மிஸ்டர் டெல்மருக்கும் தெரிந்ததுதான். "அது சும்மா பேச்சுக்கு எழுதினது, அந்த நிலம் எங்களை விட்டுப் போனதே இல்லை" என்பது அவர் கட்சி. பக்கத்துப் பத்திரங்கள் வேறு சொல்லின. மூன்று பக்கத்து நிலக்காரர்களும் இரண்டு தலைமுறைக்கு "ஹன்னாவின் எல்லை வரை" என்றே எழுதியிருந்தார்கள். பிறகு திடீரென்று அதே ஓடை, அதே திருப்பம், ஆனால் "டெல்மர் எல்லை வரை". நடுவில் விற்பனை இல்லை, ஏலம் இல்லை, எதுவுமே இல்லை. எங்கள் பக்கம் இதற்கு ஒரு பெயர் உண்டு. வரப்பை வெட்டி உள்ளே போட்டுக்கொள்வது.

வரைபடத்தில் ஓடைக்கரையைத் தனி நிறத்தில் காட்டி, ஹன்னா என்று எழுதினேன்.

3. தாத்தா பெயர்

அதோடு நின்றிருக்க வேண்டும். ஹன்னாவின் மூத்த மகன் பெயர் ஜெர்வாஸ். ஏம்ப்ரோஸின் அப்பா பெயரும் ஜெர்வாஸ். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் பிறந்தவள் நான். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. வம்சப் படத்தில் ஏம்ப்ரோஸுக்குக் கீழே ஹன்னாவின் மகனுக்கு ஒரு கோடு இழுத்து, "பெயரைக் கொண்டு மகன் என்று தெரிகிறது" என்று எழுதிவிட்டேன்.

மிஸ்டர் டெல்மர் நேரில் வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இந்தம்மா எந்த ஊர்?"

"இந்தியா சார்" என்றார் சேகர் சார்.

"அடிமைகளுக்கு எஜமான் வீட்டுப் பெயரை வைக்கிறது இங்கே சர்வசாதாரணம்னு இவங்களுக்கு யாரும் சொல்லலையா? இதே லட்சணத்துலதான் நிலத்தையும் பார்த்திருப்பாங்க."

பெயர் விஷயத்தில் அவர் சொன்னது சரி. பெயர் ஒன்றை வைத்து நான் மகன் என்று எழுதியிருக்கக் கூடாது. மகனாகவே இருந்திருக்கலாம், அது வேறு, என் கையில் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிலத்தையும் சேர்த்துத் துடைக்கப் பார்த்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. அவர் பார்வையில் நான் பத்திரம் படிக்கத் தெரிந்த ஆள் இல்லை, எங்கிருந்தோ வந்து அவர் குடும்பத்தைக் கெடுக்கிற பெண்.

அவர் போன பிறகுதான் சேகர் சார் ஹன்னாவை எடுக்கச் சொன்னார்.

"சார், மகன்னு எழுதின வரியை எடுத்துடறேன். நிலம் அவங்களோடது சார். மூணு பக்கமும் சொல்லுது."

"பேப்பர்ல யார் பேரு வேணா இருக்கும்மா. அனுபவத்துல யார் கையில இருக்கு? அதைப் பாருங்க. இவங்க ஊர்ப் பஞ்சாயத்து நமக்கு எதுக்கு?"

இந்த வசனத்தை நான் ஈரோட்டில் கேட்டிருக்கிறேன். தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை வேறு ஆட்கள் வைத்துக்கொண்டு கடன் கேட்டு வருவார்கள். ஃபைலை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கும் மேனேஜர் இதையேதான் சொல்வார், வார்த்தைகூட மாறாது. இத்தனை கடல் தாண்டி வந்து, கண்ணாடி ஜன்னல் போட்ட அலுவலகத்தில், நம்மூர்க்காரர் வாயிலிருந்தே அது வருகிறது!

4. கேட்டியிலிருந்து ஒரு போன்

மறுநாள் போன் அடித்தது. டேகேர் இல்லை. ஹியூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கும் மிஸஸ் கோல்மன், ஓய்வுபெற்ற நர்ஸ். ஹன்னா வழி வந்தவர். பில்டர் போர்டு நட்டதைக் கேள்விப்பட்டு, விசாரித்து, எங்கள் அலுவலகத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

"கண்ணு, அந்த ஓடைக்கரையில எங்க கல்லறைங்க இருக்கு. எங்கம்மாவும் அங்கேதான் இருக்கா. டெல்மர் வீட்டுக்காரங்க கேட்டைப் பூட்டிப் பல வருஷம் ஆச்சு. இப்ப வீடு கட்டப் போறாங்களாமே. கல்லறையை உங்க மேப்ல காட்டியிருக்கீங்களா?"

கிளையன்டின் ஃபைலைப் பற்றி வெளியாளிடம் பேசக் கூடாது. அது தொழில் ஒழுங்கு. "என்னால சொல்ல முடியாதும்மா, மன்னிச்சிருங்க. ஆனா கவுன்டி கோர்ட்டுப் பத்திரங்கள் எல்லாருக்கும் பொது. யார் கேட்டாலும் நகல் கொடுப்பாங்க" என்று மட்டும் சொன்னேன். அதுவே அதிகமோ என்று பிறகு பயந்தேன். குறைவோ என்றும் பயந்தேன். போனை வைத்ததும் நேராகச் சேகர் சாரிடம் போய், அந்த அம்மா கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

"அவங்க நம்ம கிளையன்ட் இல்லம்மா" என்றார்.

"கிளையன்ட் இல்ல சார். ஆனா அவங்கம்மா மேல பில்டர் கார் நிறுத்த டிரைவ்வே போடுவான். நாம காலி இடம்னு எழுதிக் கொடுத்த பிறகு."

அவர் அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார்.

வீட்டில் கார்த்தி வேறு. என் கணவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "அவங்க ஊரு, அவங்க சரித்திரம். உனக்கு எதுக்கு இந்த வேலை? க்ரீன் கார்டு வந்து முடியட்டுமே. அவங்க கேக்கற மாதிரி ரிப்போர்ட்ல சைன் பண்ணிட்டு வந்துடேன்."

"என்னங்க, க்ரீன் கார்டு ஃபார்ம்ல ஒரு வரி பொய் இருக்கக் கூடாதுன்னு என்னை எத்தனை தடவை சரிபார்க்கச் சொன்னீங்க? இது மட்டும் பரவாயில்லையா?"

"அது நம்ம பேப்பர்."

"இதுல என் பேர் இருக்கே."

நிலா சோற்றுத் தட்டோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ மேட்?" என்றாள், கோபமா என்று. ஆமாம் கண்ணு என்றேன்.

5. கையெழுத்து

ரிப்போர்ட்டின் கடைசியில் தயாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மகன் என்ற கோட்டை அழித்தேன். நிலப் பகுதியை மறுபடி எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பக்கத்து நிலத்துப் பத்திரம் என்று குறித்தேன். கல்லறை பற்றி வந்த தகவலை, நேரில் சரிபார்க்கப்படாதது என்று சேர்த்தேன். இந்த முறை என்னைப் பிடிக்க ஒரு தளர்ந்த வரியும் இருக்கக் கூடாது.

சேகர் சார் படித்துவிட்டு, "நீங்க சைன் பண்ண வேணாம். ஹன்னா இல்லாத காப்பில நான் பண்ணிக்கறேன்" என்றார்.

பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். "பண்ணுங்க சார். ஆனா பில்டரோட டைட்டில் கம்பெனி யார் தேடினதுன்னு கேட்டு எனக்கு போன் பண்ணினா, நான் கண்டதைத்தான் சொல்வேன்."

"மிரட்டுறீங்களா?"

"இல்ல சார். முன்னாடியே சொல்லி வைக்கறேன்."

நசீமா அக்கா தன் மேசையிலிருந்து, யாரையும் பார்க்காமல், "எனக்கு போன் வந்தாலும் நான் அவகிட்டதான் கொடுப்பேன் சார்" என்றார்.

சேகர் சார் பேனாவை மூடினார். ஹன்னாவோடுதான் ரிப்போர்ட் போனது. மிஸ்டர் டெல்மர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். எனக்கு வரும் ஃபைல்கள் குறைந்தன. ஒரு நாள், வேலை டல்லாக இருக்கிறது, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பிறகு வேறு அலுவலகத்தில் இதே வேலையில் சேர்ந்தேன்.

மிஸஸ் கோல்மன் சும்மா இருக்கவில்லை. நகல்களை வரவழைத்து, ஒரு வக்கீலோடு பில்டரின் டைட்டில் கம்பெனிக்குப் போனார். நில உரிமையில் சிக்கல் வந்தால் ஈடு தருவதாக இன்ஷூரன்ஸ் கொடுப்பது அவர்கள் வேலை; ஓடைக்கரைக்கு அதைத் தர மறுத்ததால், பில்டர் அதை டெல்மர் கையிலேயே விட்டுவிட்டு மீதியை வாங்கினார். கல்லறைகள் தப்பின. அடுத்த வருடம் மிஸஸ் கோல்மன் என்னைத் தேடிப் பிடித்துப் போன் செய்து இதைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன்.

"அழாதே கண்ணு, மீதியைக் கேளு" என்றார். "டெல்மர் வீட்டுலேருந்து கடுதாசி வந்திருக்கு. முன்கூட்டிச் சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமைல, எங்கம்மா கல்லறையைப் பார்க்க எனக்கு அன்போட அனுமதி கொடுத்திருக்காங்களாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, நான் கற்றது இவ்வளவுதான். உறுதியில்லாத ஒரு வரியை எழுதாதீர்கள், அதை வைத்து உறுதியான பத்து வரிகளை அடிப்பார்கள். ஒருவரின் நிலத்தை அறிய அவரைச் சுற்றி இருந்தவர்களைக் கேளுங்கள். எந்தப் பேப்பரிலாவது அனுமதி என்ற சொல்லைப் பார்த்தால், அங்கேயே நிறுத்தி, அதைக் கொடுப்பதற்கு அவர் யார் என்று தேடத் தொடங்குங்கள்.