மண்மேடு இல்லாத வரைபடம்

அந்த வாய்க்காலை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் அதை வெட்டியவர்கள் மேல். மீதி என் மேல்.

நான் படித்தது வரலாறு. நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் புவியியல் ஆசிரியை மாற்றலாகிப் போனதும், ப்ளஸ் ஒன் செய்முறை வகுப்பு என் தலையில் விழுந்தது. டோப்போ ஷீட் என்னும் நிலவரைபடத்தை அதுவரை நான் விரித்துக்கூடப் பார்த்ததில்லை. தாள் முழுக்கப் பழுப்புக் கோடுகள் நெளிந்தன. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள் என்று புத்தகம் சொன்னது, மண்டையில் ஏறவில்லை. கடைசியில் குவார்ட்டர்ஸ் சமையலறையில் ஒரு சேனைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தேன். வட்டத்துக்குள் வட்டம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. கை அரிக்க அரிக்கச் சிரித்தேன். அன்றைக்கு அந்தக் கிழங்குதான் குழம்பு.

அதற்கப்புறம் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று விரலால் காட்டுவேன்.

அக்காவை வடலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். ஊருக்குக் கிழக்கே, சுரங்கத்துக்காகத் தோண்டிக் கொட்டிய மண்மேடு மலையாக நிற்கிறது. மழை பெய்தால் ஊருக்குள் தண்ணீர் தேங்கும். போன வருஷம் அக்கா வீட்டு வாசற்படிவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் விதைக்கு வைத்திருந்த நிலக்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, அத்தனையும் போயிருக்கும். ஊரார் மனு மேல் மனுவாகக் கொடுத்து, ஒருவழியாக வாய்க்கால் வெட்ட ஓர் அதிகாரி வந்தார். கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள்; அக்கா வீட்டுக்குப் போயிருந்த நானும் அதில் உட்கார்ந்திருந்தேன். வாய்க்கால் கிழக்கே போகும், சம்மதம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அக்கா எழுந்தாள். "கெழக்கதான் அவ்ளோ பெரிய மேடு நிக்குதே, தண்ணி எப்பிடிங்க ஏறிப் போவும்?"

அதிகாரி அவளுக்குப் பதில் சொல்லவில்லை. "படிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார். என்ன திமிர்! அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்க, உச்சி குளிர்ந்துபோய் முன்னால் போனேன். அவர் விரித்துக் காட்டிய டோப்போ ஷீட் தாளில் கோடுகளின் உயர எண்கள் கிழக்கே போகப் போகக் குறைந்தன.

"சரிவு கிழக்கதான். தண்ணி அந்தப் பக்கந்தான் போகும்" என்றேன்.

படித்துச் சொன்னவள் என்று முதல் கையெழுத்தை என்னிடமே வாங்கினார். எனக்குப் பின்னால் ஊரே போட்டது. அக்காவும் போட்டாள்.

அந்தத் தாளின் ஓரத்தில் அளவெடுத்த ஆண்டு அச்சிட்டிருந்தது. முதலில் ஓரத்தைப் படியுங்கள் என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துகிறவள் நான். அன்று நான் படிக்கவில்லை. அது நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்த அளவு. அப்போது அங்கே மண்மேடே கிடையாது. அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்க்கிற மலையைத் தாளில் தேட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊர்த் தண்ணீரை வெளியே கொண்டுபோக வெட்டிய வாய்க்கால், மேட்டுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தது. அக்கா வீட்டில் முழங்கால் அளவு சேறு. விதை மல்லாட்டை மூட்டையிலேயே ஊறி முளைவிட்டுக் கிடந்தது.

மூன்றாம் நாள் அதே அதிகாரி அதே தாளோடு வந்தார். "மேப்படி இங்க தண்ணி வர வாய்ப்பே இல்லையே" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மேப்பை மடிச்சு வச்சிட்டுத் தலைய நிமிர்த்திப் பாருங்க சார்!" என்று கத்தினேன்.

அவர் கோப்பைப் புரட்டி என் கையெழுத்தைக் காட்டினார். "நீங்கதானேம்மா படிச்சுச் சொன்னீங்க?"

உள்ளே சேறு வாரிக்கொண்டிருந்த அக்கா கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள்.

"அவ எந் தங்கச்சி. அவ சொன்னான்னு நாங்க நம்புனோம். நான் கேட்டப்ப நீங்க ஏன் திரும்பிக்கூடப் பாக்கல? மேடு அங்கியேதான நின்னுகினு இருந்துச்சு?"

அவர் தாளை மடித்தார். எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவள் கேட்ட அன்று நானும்தான் திரும்பிப் பார்க்கவில்லை.