பதினாலாம் திகதி காணாத பிறை

2023.08.17 — மாலை 6.49 — 30
2023.09.16 — மாலை 6.30 — 30
2023.10.16 — மாலை 6.17 — 29
2023.11.14 — மாலை 6.10 — 30
மொத்தம் — 119

முதலாவது பிறை கண்ட நாள். இரண்டாவது கண்ட நேரம். மூன்றாவது, அந்தப் பிறையோடு தொடங்கிய மாதத்துக்கு எத்தனை நாள் என்பது. எழுதியவர் யாழ்ப்பாணத்துக் கைதடியில் எங்கள் சின்ன ஒழுங்கையில் குடியிருக்கும் உதயகலா. நாலாவது வரி பொய். அதைத் திருத்துவதற்கு அவருக்குப் பத்து மாதம் பிடித்தது.

உதயகலா பிறந்தது 1962இல். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்துநாலு வருடம் தட்டெழுத்தாளர். கலியாணம் செய்யவில்லை. தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், தாயார் 2019இல் காலமானார். 2022இல் ஓய்வு பெற்றார். ஒரே தங்கை நிவேதனா நோர்வேயில், பேர்கன் நகரத்தில், முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். பத்து நிமிடம் கதைப்பார்கள்.

நிவேதனா பராமரித்தவர்களில் ஒருவர் இங்கர் என்ற அம்மையார், நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கரும் வேறு பத்துப் பேரும் பழைய பாபிலோனியரின் வழிபாட்டை இந்தக் காலத்தில் கைக்கொள்கிறவர்கள். பரம்பரையாக வந்தது என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. களிமண் பலகைகளில் இருந்ததை அறிஞர்கள் மொழிபெயர்த்ததைப் படித்து, தங்களுக்கு இயன்ற அளவில் செய்கிறார்கள். சின் என்பது அவர்களுடைய சந்திரக் கடவுள். பிறை கண்ட மாலையில் விளக்கேற்றி, பார்லி ரொட்டியும் பியரும் பேரீச்சம்பழமும் படைத்து, வலக்கையை முகத்துக்கு நேரே உயர்த்தித் துதி சொல்வார்கள். அவர்களுக்கு மாதம் பிறப்பது பிறையைக் கண்ணால் கண்டபோதுதான். பேர்கனிலோ ஓயாத மழை. எங்கள் ஊரில் அக்கா பிறை காணாமல் விடுவதில்லை என்று நிவேதனா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து எல்லாம் தொடங்கியது.

விதி இதுதான். இருபத்தொன்பது நாள் கழிந்த மாலை பிறை கண்டால் அன்றே புது மாதம். காணாவிட்டால் பழைய மாதத்துக்கு முப்பது நாள். மறுநாள் மாலை, வானம் எப்படி இருந்தாலும், புது மாதம். உதயகலா வயல் வரம்பில் நின்று பார்த்துவிட்டுக் கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்புவார். பேர்கனில் அப்போது மத்தியானம். அன்று பொழுதுபட அங்கே பதினொரு விளக்கு எரியும். பிறகு அதையே தாளில் எழுதி, ஒப்பமிட்டு, அஞ்சலில் அனுப்புவார். தாள் வேண்டும் என்றது இங்கர். அந்தக் காலத்திலும் பிறை பார்த்தவர்கள் தாங்கள் கண்டதை எழுதித்தான் அரசனுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லியிருந்தார்.

மூன்றாவது மாதத்திலிருந்து உதயகலாவும் படைக்கத் தொடங்கினார். பேரீச்சம்பழம் வாங்கியபோது கடையில் ஏன் என்று கேட்கவில்லை. பார்லி கேட்டபோதுதான் கடைக்காரர் பார்த்தீபன் நிமிர்ந்து பார்த்தாராம்.

"என்னக்கா, சலக்கடுப்போ?"

சலம் கடுத்தால் இங்கே பார்லித் தண்ணீர்தான் மருந்து. ஓம் என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். பியருக்கு வழியில்லை, மச்சம் மாமிசம் புழங்காத வீடு அது. பழஞ்சோற்றுத் தண்ணீரை இரண்டு நாள் புளிக்கவிட்டு ஒரு மூக்குப்பேணியில் ஊற்றி வைத்தார். இது சரிவருமா என்று இங்கருக்கு எழுதிக் கேட்டார். தானியம் புளித்த நீர்தானே, சரிவரும் என்று பதில் வந்தது.

ஒழுங்கையில் கதை கிளம்பியது. உதயகலா மேற்கே பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டு நிற்பதை அதே ஒழுங்கையில் இருக்கும் மகாதேவி கண்டுவிட்டா. "உவ என்ன, வேதத்துக்கு மாறிட்டாவோ?" என்று என் மனைவியிடம் விசாரித்தா. வேதம் என்றால் எங்கள் ஊரில் கிறிஸ்தவ சமயம். அதை நான் உதயகலாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை.

"சிவபெருமானே தலையிலை வைச்சிருக்கிறார். நான் கையைத் தூக்கினது பிழையாப் போச்சோ?"

ஆனாலும் அதன் பிறகு ஒருவரும் அவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகவில்லை. நான் போவேன், மாதத்துக்கு ஒரு தடவை. என் வீட்டு முற்றத்தில் மழைமானி இருக்கிறது. 1971இலிருந்து மழையையும் மேகத்தையும் நாள்தோறும் குறித்து வருகிறேன். பிறை பார்த்த மாலைகளின் மேக நிலையைத் தன் தாளில் சேர்ப்பதற்காக அவர் என்னிடம் கேட்பார்.

2023 கார்த்திகையில் அவர் கேட்கவில்லை. நவம்பரை நாங்கள் கார்த்திகை என்போம், டிசம்பரை மார்கழி. மார்கழிப் பிறை கண்ட மறுநாள், 15ஆம் திகதி, தானே என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

"அண்ணை, உங்கடை கொப்பியிலை போன மாசம் பதினாலாம் திகதி என்ன கிடக்குது?"

வாசித்தேன். மழை 41.2 மில்லிமீற்றர். பின்னேரம் மூன்று மணியிலிருந்து வானம் முழுவதும் மேகம். இரவு எட்டுக்குப் பிறகும் அப்படியே.

"ஓம். நான் காணேல்லை. கண்டனெண்டு எழுதிப்போட்டன்."

எங்கிருந்து ஆறு பத்து என்ற நேரம் வந்தது என்று கேட்டேன். பஞ்சாங்கத்தில் அன்றைக்குச் சந்திரதரிசனம் என்று போட்டிருந்ததாம். சூரியன் மறையும் நேரத்தோடு இருபது நிமிடம் கூட்டி எழுதினாராம். இங்கே யாரும் அதில் பிழை காணமாட்டார்கள். பஞ்சாங்கம் சொன்னால் நாங்கள் விரதம் இருக்கிறோம், நாள் வைக்கிறோம். வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிறை மேகத்துக்குப் பின்னால் நின்றிருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. அதைச் சொன்னேன்.

"நிண்டிருக்கும். ஆனா அவை கேட்டது நிண்டதோ எண்டில்லை, நான் கண்டனானோ எண்டு."

அப்படியானால் காணவில்லை என்று எழுதியிருக்கலாமே, அதுவும் அவர்களுடைய விதிக்குள் அடங்கிய பதில்தானே என்றேன்.

"பதினொரு பேர் பாத்துக்கொண்டு நிக்கினம், அண்ணை. ஒரு மாசத்திலை என்னை ஆரும் எதிர்பாக்கிறது அந்த ஒரு பின்னேரம்தான். காணேல்லை எண்டு அனுப்ப மனம் வரேல்லை."

மார்கழிப் பிறையை 14ஆம் திகதி அவர் கண்ணால் கண்டார். அதனால் பொய் எந்தக் கணக்கிலும் வெளிப்படாது. உண்மைப்படி மூன்றாவது மாதத்துக்கு முப்பது, நாலாவதுக்கு இருபத்தொன்பது. கூட்டினால் அப்போதும் 119. அதையும் அவருக்குக் கூட்டிக் காட்டினேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

2024.01.08 அன்று இங்கரின் சங்கத்துக்குப் பொய்யை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். இனி உங்கள் சாட்சியாக இருக்க எனக்குத் தகுதி உண்டா என்பதை நீங்களே சொல்ல வேண்டும் என்பது கடைசி வரி. எனக்கு வாசித்துக் காட்டியபோது அந்த வரியில் குரல் இறங்கியது. தை, மாசி இரண்டு மாதமும் பிறை பார்த்து அனுப்பினார். பதில் இல்லை.

பங்குனி 4ஆம் திகதி மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் சங்கத்தின் புதிய செயலாளர். மிகவும் அன்பான கடிதம். இதில் மன்னிக்க ஒன்றுமில்லை என்றார். தாங்கள் கணினியில் போட்டுப் பார்த்ததாகவும், நவம்பர் 14 மாலை யாழ்ப்பாணத்தில் பிறை தெரியும் என்றே அது காட்டியதாகவும், ஆகவே அவர் தந்த நாள் சரியான நாள்தான் என்றும் எழுதியிருந்தார். பழைய பாபிலோனியரும் பிற்காலத்தில் கணித்தார்கள் அல்லவா, அதனால் வருகிற வருடப் பிறப்பிலிருந்து தாங்களும் கணிப்பையே பின்பற்றப் போவதாகவும், இதுவரை செய்த உதவிக்கு எல்லோரும் நன்றி சொல்வதாகவும் முடித்திருந்தார். பதினொரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பெயர். இங்கரின் பெயர் இல்லை.

உதயகலா அதை இரண்டு தடவை வாசித்தார். "பிழையைச் சொன்னன். பிழையில்லை எண்டிட்டினம்," என்றார். அடுத்த பிறைக்கும் வயலுக்குப் போனார். தொலைபேசியைக் கொண்டுபோகவில்லை. தாளை மட்டும் எழுதி, இங்கரின் பழைய விலாசத்துக்கு அனுப்பினார்.

ஆனி 19ஆம் திகதி இங்கரிடமிருந்து கையெழுத்தில் கடிதம் வந்தது. அவர் இப்போது முதியோர் இல்லத்தில். அங்கே விளக்கேற்ற விடுவதில்லை. யன்னலில் ஒரு பேரீச்சம்பழம் வைக்கிறார். மற்றவர்கள் கணினியோடு போய்விட்டார்கள். உங்கள் தாள் பழைய வீட்டிலிருந்து இங்கே வந்து சேரப் பத்தொன்பது, இருபது நாள் ஆகிறது, அது வந்த அன்றுதான் எனக்கு மாதம் பிறக்கிறது என்று எழுதியிருந்தார். பிறகு அவருடைய வேண்டுகோள் ஒன்று: கார்த்திகைத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. காணாததைக் கண்டதாகச் சொல்லும் தாளை என்னால் வைத்திருக்க முடியாது. அந்த மாலைக்கு வேறு தாள் எழுதி அனுப்புங்கள்.

அன்றே எழுதினார். 2023.11.14. மழை. மேகம் முழுவதும். காணவில்லை. கீழே ஒப்பமிட்டார். மழையின் அளவை நான் குறித்து ஒப்பமிட்டேன். மறுநாள் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்தது சாவகச்சேரித் தபால் கந்தோருக்கு. அங்கிருந்து எப்போது புறப்பட்டது என்று தெரியாது. ஆடி முழுவதும் ஒன்றும் வரவில்லை. ஆவணியிலும் இல்லை. படலையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உதயகலா எழுந்து வருவதை நான் என் முற்றத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு இங்கரிடமிருந்து வந்தது ஒரேயொரு கடிதம். இன்றுவரை வேறில்லை. நடுங்கிய எழுத்தில் இரண்டு வரி: "கிடைத்தது. பழைய மாதத்துக்கு முப்பது நாள்." வந்த நாள் 2024.09.11, புதன்கிழமை.