இறங்காத பந்து

வலைக்காரர் அடித்த அந்தப் பந்து இன்னும் கீழே இறங்கவில்லை. மேகங்களுக்கும் மேலே எங்கோ போய்க்கொண்டே இருக்கிறது. விமானம் ஓட்டுகிறவர்கள் அதைக் கண்டால் ஒரு கையை எடுத்து ஆட்டிவிட்டுப் போகிறார்கள். சரி, சரி, கையை ஆட்டியது கொஞ்சம் அதிகம்தான். அந்த அளவுக்குக் கதையில் காற்று அடைத்தாயிற்று, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பந்து மேலே போனது நிஜம். அடித்தவர் அதைப் பார்க்கவில்லை என்பதும் நிஜம்.

வலைக்காரர் என்றதும் மீன் பிடிக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் பிடித்த மீனெல்லாம் தட்டில் இருந்ததுதான். நாலு மாடிக் கடைவளாகம் ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத விளையாட்டுச் சாமான் கடையில், கோல்ஃப் மட்டைகள் இருக்கும் மூலை அவருடையது. வாங்க வருகிறவர்கள் அடித்துப் பார்க்க ஒரு பச்சை விரிப்பு. அதற்கு இரண்டு எட்டு தள்ளி ஒரு வலை. வலைக்குப் பின்னால், புல்வெளியும் வானமும் அச்சடித்த கனமான திரை. மட்டை பட்டால் ‘டக்’, மறு நொடி வலையில் ‘தொப்’. பந்து போய் முட்டும் இடத்தில் மட்டும் அந்த வானம் தேய்ந்து வெளுத்து, பகலில் தெரியும் நிலாவைப்போல வட்டமாகிவிட்டது.

அவர் முதலில் செருப்புப் பகுதியில்தான் இருந்தார். கோல்ஃப் மூலையில் இருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போக, முதலாளி இவரை மேலும் கீழும் பார்த்து, “நீதான் உசரமா இருக்க, அங்க போய் நில்லு” என்று அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் தகுதி. ஆள் வராத காலை வேளைகளில் அடித்து அடித்துத் தானாகவே பழகிக்கொண்டார். ஆயிரக்கணக்கில் அடித்திருப்பார். ஒரு பந்துகூட இரண்டு எட்டைத் தாண்டியதில்லை.

ஒரே ஒரு பந்து, கிளம்பிய இடத்திலிருந்து விழுகிற இடம்வரை முழுசாகப் போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு இல்லை. மைதானத்துக்குப் போனால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால், “போகணும்” என்பார். போகமாட்டார். வலையில்லாமல் அடிப்பதை நினைத்தாலே சட்டையில்லாமல் கடைத்தெருவில் நிற்பதுபோல் கூசும்.

பொதுவாகவே முடிவு பார்க்கக் கொடுத்துவைக்காத மனிதர். கல்யாணமான புதிதில் மனைவியோடு போன சினிமாவில், கடைசிச் சண்டை ஆரம்பிக்குமுன் தூங்கிவிட்டார். வீடு திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மாள்தான் முடிவைச் சொன்னாள். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நிற்கவில்லை. அவளுக்கு அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யார் கண்ணுக்கு எது எவ்வளவு தெரிகிறது என்று அளந்து சொல்கிறவள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். கதாநாயகன் செத்தான் என்றால் செத்தான்தான்.

விலையைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிற பளபள மட்டைகள் கடையின் முன்வரிசையில் இருக்கும். வலைக்காரரின் செல்லம், பின்வரிசை ஓரத்தில் சல்லிசாகக் கிடைக்கும், இரும்பு மட்டையும் மர மட்டையும் கலந்த ஹைபிரிட் மட்டை. புதிதாக ஆட வருகிறவர்களை நேராக அங்கேதான் அழைத்துப் போவார்.

“இரும்பு வீட்டுக்கும் மர வீட்டுக்கும் சம்பந்தமாகிப் பொறந்த புள்ள சார் இது. இரும்பு மாதிரி நேரா போகும், மரம் மாதிரி உசரமா தூக்கும். அந்த நீள இரும்பு மட்டை இருக்கே, அது மாமனார் மாதிரி. சின்னதா ஒரு தப்பு பண்ணுனா ஒரு வாரம் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கும். இது அத்தை. கொஞ்சம் தள்ளிப் பட்டாலும், ‘பரவால்லடா கண்ணு’ன்னு முன்னால அனுப்பி வெச்சிடும்.”

மதியத்துக்கு மேல் கடை ஓய்ந்து கிடக்கையில், அந்த அத்தை மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே கண் சொருகுவார். அப்போது திரையிலிருக்கும் வெள்ளை நிலா மெல்லத் திறக்கும். இத்தனை வருஷமாக அடித்த பந்தெல்லாம் அதன் வழியாக ஒவ்வொன்றாகப் போகும். மொட்டைமாடிகளில் காயும் துணிகளுக்கு மேலே மிதந்து போகும். ஒன்று யார் வீட்டுப் பூந்தொட்டியிலோ விழுந்து வெள்ளையாகப் பூக்கும். இன்னொன்றைத் தொட்டிலில் கிடக்கும் குழந்தை கைநீட்டிப் பிடித்துக்கொள்ளும். மற்றது எங்கே விழுகிறது என்று பார்க்குமுன் யாராவது, “அண்ணே, ஷட்டில் பந்து எங்க இருக்கு?” என்று எழுப்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு மதியத்தில், புருவமெல்லாம் மாவோடு பேக்கரிக்காரர் வந்து நின்றார். போன வாரம் வாங்கிய ஹைபிரிட் மட்டையை, திருடனைப் பிடித்துவந்த போலீஸ்போல நடுவில் பிடித்திருந்தார்.

“தம்பி, அத்தைன்னு சொல்லி அனுப்பி வெச்ச. இது மாமியாரா இருக்கு.”

“என்னண்ணே ஆச்சு?”

“பந்து எந்திரிக்கவே மாட்டேங்குது. புல்லுலயே உருளுது. எறும்புங்க அதைத் தாண்டிப் போகுதுங்க.”

“ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க.”

பேக்கரிக்காரர் விரிப்பில் குனிந்து, முழங்காலை மடக்கி, பந்தை அடியிலிருந்து வாரி எடுத்தார். பந்து சோம்பலாக உருண்டு போய் வலையின் காலடியில் படுத்துக்கொண்டது.

வலைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணே, அடுப்புலேருந்து ரொட்டியை அள்ளுற மாதிரி அள்ளுறீங்க. நீங்க தூக்காதீங்க. தூக்குறது மட்டையோட வேலை. நீங்க கீழ் நோக்கி அடிங்க, அது மேல போகும்.”

“கீழ அடிச்சா மேல போகுமா? நான் கீழ போட்ட மாவெல்லாம் கீழதானய்யா கெடக்கு.”

“சொல்றதைக் கேளுங்க. தலையையும் தூக்கக் கூடாது. எங்க போகுதுன்னு பாக்க ஆசைப்பட்டீங்க, அது போகாது. ‘தொப்’னு சத்தம் கேக்குற வரைக்கும் தரையையே பாருங்க.”

பேக்கரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். டக். தொப். அவருடைய மாவுப் புருவம் நெற்றி வரைக்கும் ஏறியது.

“அடேங்கப்பா! இதே வெளில அடிச்சிருந்தா எவ்ளோ தூரம் போயிருக்கும்?”

வலைக்காரர் மட்டையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “தெரியலண்ணே. நான் பாத்ததில்ல.”

“என்னது? நீச்சல் சொல்லித் தர்றவன் தண்ணியே பாத்ததில்லங்கிற கதையால்ல இருக்கு! திங்கக்கிழமை கடை லீவுதான? நீ வர்ற. வரலேன்னா மட்டையைத் திருப்பிக் குடுத்துடுவேன்.”

வீட்டில் சொன்னதும் மனைவி உடனே, “நானும் வரேன். நீங்க பாதியில தூங்கிட்டா முடிவை யாரு சொல்றது?” என்றாள்.

பஸ் கடைசியாக நிற்குமிடத்தில் இருந்தது அந்தப் பயிற்சி மைதானம். தூரத்தில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. அதற்கு இப்பால் இரண்டு மூன்று கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. பேக்கரிக்காரர் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி அடித்து, பந்து சுமாராகப் பறந்ததில் குழந்தைபோலக் குதித்தார்.

வலைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கடையின் வானத்துக்கு நாலு பக்கமும் தையல் உண்டு. இந்த வானத்துக்கு ஓரமே இல்லை. மட்டையை இறுக்கிப் பிடித்தார். அடித்தார். அடித்த கையோடு, பார்க்கும் ஆசையில் தலை தானாக மேலே போய்விட்டது. பந்து புல்லில் உருண்டது. மறுபடி அடித்தார். மறுபடி தலை. மறுபடி உருளல்.

“தம்பி, எறும்பு தாண்டிருச்சு” என்றார் பேக்கரிக்காரர்.

“போங்கண்ணே.”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா. எறும்புதான் சொல்லுது.”

பெஞ்சில் இருந்த மனைவி கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏங்க, கடையில நிக்கிற மாதிரி நில்லுங்க. முன்னால திரை தொங்குதுன்னு நெனச்சுக்கோங்க.”

நினைத்துக்கொண்டார். திரை வந்தது. தையலும் வந்தது. அந்த வெள்ளை நிலாவும் வந்தது. அடித்தார்.

டக்.

இத்தனை வருஷத்தில் கேட்காத ‘டக்’. நல்ல பழத்தைத் தட்டினால் வருமே, அப்படி. பந்து பட்டதே கைக்குத் தெரியவில்லை. வலைக்காரர் தலை குனிந்தபடி, வழக்கம்போல ‘தொப்’புக்காகக் காத்திருந்தார்.

‘தொப்’ வரவில்லை.

இன்னும் காத்திருந்தார். ஒரு புல் மெல்ல நிமிர்ந்தது. மேகத்தின் நிழல் ஒன்று செருப்பின்மீது ஏறி இறங்கிப் போனது. காற்றுகூட எதையோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல நின்றுவிட்டது. அந்த நீண்ட அமைதிக்குள் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது: இங்கே வலை இல்லை.

நிமிர்ந்தார். வானம் இருந்தது. வானத்தில் ஒன்றும் இல்லை.

“எங்க?” என்றார்.

பேக்கரிக்காரர் திறந்த வாயை மூடவில்லை. மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே, அவள் முழுசாகப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு அடித்ததெல்லாம் எறும்புகளுக்குத்தான்.

திரும்பும் பஸ்ஸில், மஞ்சள் வெயில் ஜன்னலோரம் சரிந்திருந்தது. மனைவி வழக்கப்படி ஆரம்பித்தாள்: “அது எங்க போய் விழுந்துதுன்னா...”

“சொல்லாத,” என்றார் அவர். “நான் பாக்கல. அது ஒண்ணாவது மேலயே இருக்கட்டும்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். முதல் தடவையாக அவர் முடிவைக் கேட்காமல், வீடு வரும்வரை வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பந்து வளர ஆரம்பித்தது. அடுத்த வாரம் கடைக்கு வந்தவர்களிடம் அது தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. அதற்கடுத்த வாரம் மேகத்தைத் தாண்டியது. சொல்லும்போது வலைக்காரரின் கண் பாதி மூடிக்கொள்ளும். சாப்பாட்டு டப்பாவோடு கீழே இறங்கி வரும் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போய்விடுவாள். பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லும் வாய் அது. மூடி வைத்திருப்பது சுலபமில்லை.

ஒருநாள் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், புதிதாகப் பழகப் போகிறேன் என்று வந்தாள். வலைக்காரர் சல்லிசான ஹைபிரிட்டை அவள் கையில் கொடுத்து, அத்தை கதையைச் சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“இதே மட்டையில நான் அடிச்ச பந்து இன்னும் இறங்கலம்மா.”

அந்த அம்மாள் யோசித்தாள். மட்டையை மெல்ல அதன் இடத்தில் சாய்த்து வைத்தாள். “அப்ப வேணாம் சார். மட்டை சல்லிசுதான். ஆனா அடிக்கிற பந்தெல்லாம் இறங்காம போச்சுன்னா, பந்து வாங்கியே நான் ஓட்டாண்டியாயிடுவேனே!”

சாப்பாட்டு டப்பா மேஜைமேல் ‘ணங்’கென்று இறங்கியது.

“இறங்கிடுச்சும்மா, நீங்க தைரியமா வாங்குங்க,” என்றாள் மனைவி. பிறகு அவர் பக்கம் திரும்பி, பஸ்ஸில் முடிவு சொல்லும் அதே குரலில் சொன்னாள்: “தண்ணித் தொட்டியைத் தாண்டவேயில்ல. இந்தப் பக்கமே, புல்லுல, பஞ்சு மாதிரி வந்து உக்காந்துது. பக்கத்துல மேஞ்சுக்கிட்டிருந்த கொக்கு பறக்கக்கூட இல்லீங்க. திரும்பி ஒரு தடவை பாத்துது. முட்டைன்னு நெனச்சுதோ என்னவோ, நாம பஸ் ஏறுற வரைக்கும் அதும்மேல உக்காந்தே இருந்துது.”