சும்மா நின்ற கம்பெனி வண்டியும் எங்கள் அக்காவும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலரென்றால் கொஞ்சம் அடக்கமாக எழுத வேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். எனக்கு வராது. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே கை பரபரக்கிறது, சிரிப்பு முந்திக்கொள்கிறது. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊரில்தான் அக்கா பிறந்தார். ஊர்ப் பள்ளியில் பத்தாவது வரைதான் உண்டு. நன்றாகப் படித்த அக்கா அதோடு நின்றுவிட்டார். மேல்நிலைப் பள்ளி படப்பைப் பக்கம் இருந்தது. போய்வர வண்டி இல்லை. ஊருக்குள் வரும் ஒரே பேருந்து விடிந்ததும் போய்விடும், இருட்டிய பிறகுதான் திரும்பும். பெண்பிள்ளையை அப்படி அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. அதற்காக அக்கா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் பின்னாளில் ஊரில் எந்தப் பெண் பத்தாவதோடு நின்றாலும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இரண்டு நாளைக்கு யாரோடும் சரியாகப் பேசமாட்டார்.

திருமணத்துக்குப் பிறகு மாமா ஒரு பழைய வேன் வாங்கி, தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் எடுத்தார். வேன் பஸ்ஸாக வளர்ந்த சமயத்தில் நெஞ்சுவலி வந்து மாமா திடீரென்று போய்விட்டார். வண்டியை விற்றுவிடு என்று அக்காவிடம் சொல்லாத ஆள் இல்லை. அக்கா கேட்கவில்லை. முருகேசன் அண்ணனை ஓட்டுநராக அமர்த்தி, தானே விடியுமுன் எழுந்து ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் போன் போட்டு, ஷிப்ட் தவறாமல் வண்டியை அனுப்பினார். எங்கள் வண்டி லேட்டாகாது என்பதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

முதல் ஷிப்ட்காரர்களைக் கம்பெனியில் இறக்கி, இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஊரில் கொண்டுவந்து விட்டால், மதியம் வரை வண்டிக்கு வேலை இல்லை. மதிய ஷிப்டை மாற்றிவிட்டால் மறுபடி இரவு வரை இல்லை. எங்கள் வாசலிலேயே நிற்கும். ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தேன்மொழியின் அம்மா வந்தார். தேன்மொழி அப்போதுதான் பத்தாவது தேறியிருந்தாள். அவளுக்குப் படப்பையில் துணிக்கடை வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார்.

“மேல படிக்க வைக்கலியா?” என்றார் அக்கா.

“எப்டிம்மா அனுப்பறது? வண்டி எங்க கீது?”

அக்கா வாசலைப் பார்த்தார். அத்தனை இருக்கையும் காலியாக, கம்பெனி வண்டி நின்றுகொண்டிருந்தது.

“இதோ கீதே” என்றார்.

மறுநாளே மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தார். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒரே ஒரு சிக்கல்: ஒப்பந்த வண்டியில் கம்பெனி ஆட்களைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. அக்கா கம்பெனியில் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தார். பதில் வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. “பதில் வர்ற வரிக்கும் பொண்ணுங்க வூட்ல குந்திகினு இருக்கணுமா?” என்று வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். செய்தது சரியோ தவறோ, அக்கா அப்படித்தான்.

அந்த முதல் நாள் கூத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. முருகேசன் அண்ணன் தேன்மொழியையும் அவளைப்போல் பத்தாவது முடித்த மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டி நிறைந்துவிட்டால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படப்பைப் பக்கம் திரும்ப வேண்டியவர் பழக்க தோஷத்தில் ஒரகடம் பக்கம் திருப்பி, நேராகக் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். டீசல் போடப் போகிறார் என்று பிள்ளைகளும் வாயைத் திறக்கவில்லை. காவலாளி வழக்கம்போல் ஏறி, “ஐடி கார்டு, ஐடி கார்டு” என்றிருக்கிறார். சீருடையில் முன்சீட்டில் இருந்த தேன்மொழி பள்ளி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாளாம்.

பத்தே நிமிடத்தில் அக்காவுக்குப் போன் வந்தது. ஒப்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். அக்காவோடு நானும் ஆட்டோ பிடித்து ஓடினேன். நிர்வாக அதிகாரி கடுகடுவென்று இருந்தார்.

“யாரைக் கேட்டு ஏத்தினீங்கம்மா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“தப்புதான் சார். கேட்டேன், பதில் வரல, எடுத்துட்டேன்” என்றார் அக்கா. அத்தோடு விட்டாரா? “ஆனா ஒண்ணு சார். ட்ரெய்னிங்குக்கு ஆள் எடுக்கறப்போ, இந்தப் பக்கத்துல பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்களே கெடைக்கலன்னு நீங்கதான சொல்றீங்க? இதோ கேட்ல நிக்குதுங்க. பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் வுட்டா ரெண்டு வருஷத்துல கெடச்சிடும்.”

அதிகாரி சன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். “முதல்ல பிள்ளைங்களுக்கு பெல் அடிக்கறதுக்குள்ள வண்டிய அனுப்புங்கம்மா. மத்ததைப் பேசிக்கலாம்” என்றார்.

பேசினார்கள். அந்த மாதமே அனுமதி எழுத்தில் வந்தது. காப்பீட்டில் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். பள்ளியின் ஆய்வகத்துக்குக் கம்பெனி மேசைகள் தந்தது. சனிக்கிழமைகளில் இளம் பொறியாளர்கள் கணக்குச் சொல்லித்தர வந்தார்கள். படப்பை மெஸ்காரர் ஒருவர், மாலை வகுப்புக்கு நின்ற பிள்ளைகளுக்குச் சுண்டல் அனுப்பத் தொடங்கினார். இத்தனைக்கும் அக்கா யாரிடமும் கெஞ்சவில்லை. “உங்ககிட்ட சும்மா கெடக்கறது இன்னா கீது, சொல்லுங்க” என்றுதான் கடை கடையாகக் கேட்பார். தேன்மொழி இன்று அதே கம்பெனியில் பயிற்சி முடித்து வேலை பார்க்கிறாள். போன கல்வியாண்டில் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் பத்தாவதோடு நிற்கவில்லை. எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

சிறுநீரகம் பழுதாகி அக்கா படுக்கையில் விழுந்தார். வலியைப் பற்றிப் பேசமாட்டார். காலையில் கண் விழித்ததும் ஒரே கேள்விதான்: “வண்டி போச்சா?” நான் வாசலில் பார்த்துவிட்டு வந்து, “போச்சுக்கா” என்பேன். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் கஞ்சி இறங்கும்.

பிளஸ் டூ பொதுத்தேர்வு நாளொன்றில், விடியும் நேரத்தில், அந்தக் கேள்வியைக் கேட்காமலே அக்கா போய்விட்டார். முருகேசன் அண்ணன் வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். “இன்னிக்கு என்னால ஸ்டீரிங்கத் தொட முடியாதும்மா” என்றார். அதற்குள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமாகி, தெருமுனையில் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். “அண்ணே, அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லட்டும்?” என்றேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு உள்ளே வந்து, அக்காவின் காதருகே குனிந்து, “போச்சுக்கா” என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்காவின் இறுதிக் காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர்களுக்கும், தேர்வு முடிந்த கையோடு சீருடையிலேயே வந்து நின்ற மாணவியருக்கும், தலைமையாசிரியை அவர்களுக்கும், கம்பெனி நிர்வாகத்துக்கும், மெஸ்காரருக்கும், முருகேசன் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னொரு சேதியும் சொல்லியாக வேண்டும். பக்கத்துத் தொழிற்சாலையும் தன் வண்டியைத் தர முன்வந்துவிட்டது. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இதை எழுதும் இன்று காலை அது முதன்முறையாக எங்கள் வாசலைக் கடந்து போனது. முருகேசன் அண்ணன் எங்கள் வண்டியில் அதற்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். நான் உள்ளே ஓடிவந்து, மூச்சு வாங்க, அக்காவின் படத்துக்கு முன் நின்றேன்.

“ரெண்டு வண்டியும் போச்சுக்கா.”