ஆறு மணிக்குத் தானாக நடக்கும் வேலை

எங்கள் மேனேஜர் தினமும் ஐந்தரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு போன் செய்வார். ரிசீவரை எடுப்பார், நம்பர்களை அழுத்துவார், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுவார்.

பாவம், வீட்டில் யாரும் எடுப்பதில்லை போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஓசூரில் போல்ட் செய்யும் ஒரு கம்பெனி. எனக்குப் பதினேழு வயது, படிப்பு ஒன்பதாவதோடு நின்றிருந்தது.

எத்தனை போல்ட் ஆனது என்று ஷிஃப்ட்காரர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டை நான் வாசிப்பேன், நாகரத்னா அக்கா கம்ப்யூட்டரில் அடிப்பார். (நான் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.)

அக்காதான் என்னை அங்கே சேர்த்துவிட்டவர். அவர் சம்பளத்தில்தான் ராயக்கோட்டையில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேசாத போனின் ரகசியத்தை உடைத்தவர் வாட்ச்மேன் அண்ணன். ஒரு சாயங்காலம் மேனேஜர் போனதும் ஊருக்குப் பேசலாம் என்று வந்தார். காதில் வைத்தார், முகம் சுருங்கியது.

"எஸ்.டி.டி.ய பூட்டிட்டுல்லா போயிருக்காரு. நாம திருநெல்வேலிக்குப் பேசிட்டா கம்பெனி முழுகிப் போயிருமாம்" என்றார்.

வெளியூர் போனுக்கு நான்கு நம்பரில் ஒரு பூட்டு, மேனேஜர் தினமும் அழுத்தியது அதைத்தான். காலையில் வந்து அவரே திறப்பார்.

இது இப்படி இருக்க, புது சாஃப்ட்வேர் வந்தது!

அதுவரை ஓசூர்க் கணக்கை ஃப்ளாப்பியில் ஏற்றி பஸ்ஸில் பெங்களூர் ஹெட் ஆபீசுக்கு அனுப்புவோம். பாதி நாள் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் ஃப்ளாப்பி கெட்டுப்போயிருக்கும்.

இனி அந்தத் தொல்லை இல்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் கம்ப்யூட்டரே பெங்களூருக்கு போன் போடும், அன்றைக்கு அடித்ததையெல்லாம் அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் அப்படியே நகல் எடுத்து வைத்துவிடும். யாரும் தொடவே வேண்டாம்.

பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டத்தில் டிக் போட்டார், நேரம் ஆறு என்று போட்டார். காலை பதினோரு மணிக்கு ஒரு டெஸ்ட். டெலிபோன் ஒயர் மாட்டிய பெட்டி கீச்சு கீச்சென்று கத்தியது, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் கேசரி வரவழைத்தார்.

மறுநாள் காலை ஹெட் ஆபீசிலிருந்து போன். ஒன்றும் வரவில்லை.

இன்ஜினியர் வந்தார், பகலில் டெஸ்ட், பாஸ். சாயங்காலம் ஃபெயில். பெட்டியை மாற்றினார், பகலில் பாஸ், சாயங்காலம் ஃபெயில். ஒயரை மாற்றினார், அதே கதை. ஓசூர்க் குளிருக்கு சாயங்காலம் மெஷின் விறைத்துப்போகிறது என்று ஒரு கண்டுபிடிப்பு சொன்னார். மேனேஜர் கம்ப்யூட்டருக்குப் போர்வை வாங்கினார். (நிஜமாகவே. நீலக் கட்டம் போட்டது.)

இரண்டாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கும் அதே லைன்தான்!

பஸ்ஸுக்காக அக்கா ஐந்து மணிக்கே போய்விடுவார், அவர் அந்தப் பூட்டைப் பார்த்ததே இல்லை. அவரிடம் சொன்னேன். பயந்துவிட்டார்.

"வேணாம் கண்ணு. மேனேஜர் மேலயே தப்புன்னு சொன்னா ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிடுவாரு. பேசாம இரு."

பேசாமல் இருப்பது எனக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமா?

ஆனால் அந்த வாரமே மேனேஜர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். நாகரத்னா அக்கா! போகும்போது எதையோ அமுக்கிவிட்டுப் போகிறாராம். சனிக்கிழமை வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் போடுவேன் என்றார்.

வெள்ளிக்கிழமை தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா, லீவா?"

"ஆமா சார்."

(கேட்காத அரை நாள் லீவு கிடைத்தது. எங்கள் ஊர் சூளகிரிக்குப் போகும் பஸ்ஸில் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.)

சனிக்கிழமை. மேனேஜர் மத்தியானமே அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தானே பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கப் போகிறாராம். இன்ஜினியரும் இருந்தார்.

ஆறு மணி. கீச்சு கீச்சு. பத்து நிமிடத்தில் எல்லாம் பெங்களூர் போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் வீட்டுக்குப் போகவில்லை, அதனால் பூட்டவில்லை. அவ்வளவுதான். ஆனால் அவர் கண்ட சத்தியம் வேறு.

"பாத்தீங்களா? அந்தம்மா இல்ல, வேலை நடக்குது. திங்கக்கிழமையிலிருந்து வரவேணாம்னு சொல்லிடறேன்" என்றபடி இன்ஜினியரை வழியனுப்ப கேட்டுக்குப் போனார்.

போன் அடித்தது.

அறையில் நான் மட்டும்தான். அதுவரை அந்த ஆபீஸ் போனை நான் தொட்டதே இல்லை. எடுத்தேன்.

ஹெட் ஆபீஸ் பெரியவர். நல்ல தமிழில் பேசினார். "இன்னைக்கு வந்துடுச்சேம்மா. என்ன பண்ணாரு உங்க மேனேஜர்?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

சீட்டு வாசிக்கிற குரலிலேயே சொன்னேன். வேறு குரல் எனக்கு வராது.

"இன்னைக்கு அவரு இன்னும் வூட்டுக்குப் போவல சார். போவும்போது எஸ்.டி.டி.ய பூட்டிட்டுப் போவாரு. ஆறு மணிக்கு கம்ப்யூட்டர் கூப்பிட்டா லைன் கிடைக்காது. நாகரத்னா அக்கா எதையும் தொடல சார்."



"தினமுமா பூட்டறாரு?"

"தினமும் சார்."

"அவரக் கூப்பிடும்மா."

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, கேட்டுக்குப் போய், "சார், பெங்களூர்ல இருந்து போன். உங்களக் கேக்கறாங்க" என்றேன்.