மோட்டார் ஓடட்டும்

பக்கவாதத்தில் பேச்சு போன மாமா, கையை அசைப்பதாக நினைத்தாலே மணி அடிக்க வேண்டும். அதற்காக மூளை அலையிலிருந்து மின் இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் மாட்யூலை நானே எழுதி வருகிறேன்.

இன்று கீரமங்கலத்தில் அவர் தலையில் சென்சார் பட்டையை மாட்டினேன். ஒழுங்காக அடித்த மணி, மும்முனை மின்சாரம் வந்ததும் தாறுமாறாக அலறியது. பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியதுதான் காரணம்.

சத்தம் கேட்டுத் தோட்டத்துச் செல்வி அக்கா ஓடிவந்தார். "ஒனக்காக மோட்டார நிறுத்தவா?"

"வேணாம்க்கா, ஓடட்டும். நான் போனப்புறமும் மாமா இங்கதானே இருக்கணும்?"

மாட்யூலை மூன்று முறை திருத்தினேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, மணி ஒரே ஒரு முறை அடித்தது.

"என்ன வேணும் மாமா?"

பட்டையைக் கழற்றச் சொல்லிக் கண்ணால் காட்டினார்.

கழற்றிவிட்டேன். நாளைக்கும் மாட்டுவேன்.

என் மென்பொருளுக்கு வந்த முதல் பாராட்டு இதுதான். உங்களுடையதற்கு எப்படி இருந்தது?